பதினேழாவது மடங்கு

பிரபு,

நீ கிளம்பிப் போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. எந்த ஊரில் இருக்கிறாய், எங்கே சாப்பிடுகிறாய் என்று தெரியாத உனக்கு எந்த முகவரியில் கடிதம் போடுவது? அதனால் இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் போடச் சொல்லி உன் சிநேகிதன் இர்ஃபானிடம் கொடுக்கப்போகிறேன். கணக்கில் பைத்தியமாக இருப்பவர்கள் கூடிப் பேசுகிற இணையக் குழு ஒன்று இருக்கிறதாம். அதில் நீ வேறு ஏதோ பெயரில் இன்னும் வந்து பார்த்துவிட்டுப் போகிறாய் என்று அவனுக்குச் சந்தேகம். "சார், அவன் படிப்பான்னு சொல்ல முடியாது. ஆனா ஊரே படிக்கும். உங்களுக்குப் பரவால்லியா?" என்று கேட்டான். படிக்கட்டும் என்றேன். நான் சொல்லப்போவதை நாலு பேருக்குத் தெரியாமல் மறைத்து வைத்ததால்தானே இந்த நிலைமை.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் காலையில் வேலூருக்குப் போய் நண்பனைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். அதற்கு முந்தின நாள் நான் முற்றத்தில் கண்ணாடியை மாட்டி முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். நீ படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஆராய்ச்சிப் படிப்பிலிருந்து லீவு என்று சொல்லி வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். இருபத்தெட்டு வயசுப் பையன் வீட்ல உக்காந்துனு இருந்தா பாக்கறவன் இன்னா நெனப்பான் என்று அந்த வாரத்தில் மட்டும் இரண்டு முறை உன் காதில் விழும்படி சொல்லியிருந்தேன். அப்போது நீ கேட்டாய். "அப்பா, நீங்க எப்பவாச்சும் தப்பு பண்ணிட்டு, தப்புன்னு தெரிஞ்சும் வெளிய சொல்லாம இருந்திருக்கீங்களா?" நான் பிளேடைக் கழுவிக்கொண்டே, "நான் இன்னாடா தப்பு பண்ணேன்? முப்பது வருஷம் ஒரே டேனரில வேல, ஒரு கெட்ட பேர் கெடையாது" என்றேன். "இல்லப்பா, சும்மாதான் கேட்டேன்" என்று எழுந்து போனாய். அந்தக் கேள்வியை நான் என்னையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பிரபு. முற்றத்தில் கண்ணாடியை மாட்டுவதையே விட்டுவிட்டேன். இப்போது தாடி வளர்ந்துவிட்டது.

நீ திரும்பவில்லை, போன் அணைந்திருந்தது. மறுநாளிலிருந்து நான் தேட ஆரம்பித்தேன். ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் உன் போட்டோவைக் காட்டினேன். சின்ன வயதில் அமிர்தி மிருகக்காட்சி சாலையில் மான்களைப் பார்த்துவிட்டு அங்கேயே இருந்துவிடலாம் என்று அழுதாயே, அந்த நினைப்பில் அங்கேயும் போனேன். டிக்கெட் கொடுக்கிறவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். பன்னிரண்டாம் நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். தண்டவாளத்து ஓரமாக ஒரு பையன் கிடைத்திருக்கிறான், வயசு, உயரம் எல்லாம் ஒத்துவருகிறது, வந்து அடையாளம் பாருங்கள் என்றார்கள். உன் அம்மாவிடம் டேனரியில் அவசர வேலை என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் காலை பத்து மணிக்கு ஒருவர் துணியை விலக்கினார். நீ இல்லை. எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பார், சத்தம் போட்டுச் சிரித்துவிடுவேனோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான், உள்ளே கிடப்பவனுக்கும் ஒரு அப்பன் எங்கேயோ போட்டோவைத் தூக்கிக்கொண்டு அலைவான் என்று உறைத்தது. அந்தப் பையனுக்காக அழுதேன். அவனுக்காகத்தான் அழுதேனா என்று இப்போதும் தெரியவில்லை.

இருபதாம் நாள் இர்ஃபானுக்கு உன்னிடமிருந்து செய்தி வந்தது. "நல்லா இருக்கேன். தேட வேணாம்." அவ்வளவுதான். போலீஸில் காட்டினோம். வயது வந்த பையன், அவரே நல்லா இருக்கேன்னு சொல்லிட்டாரே, இதுக்கு மேல நாங்க இன்னா சார் பண்றது என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் தவறில்லை. வெளியே வந்ததும் நான் இர்ஃபானின் சட்டையைப் பிடித்தேன். ஷூ கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிற பையன், நடுத்தெருவில் நான் பிடித்து உலுக்க அப்படியே நின்றான். "உனக்குத் தெரியும். சின்ன வயசுலேர்ந்து அவன் தோஸ்த் நீ. உனக்குத் தெரியாம இருக்காது" என்று கத்தினேன். அவன் என் கையை எடுத்துவிட்டு, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னான்.

உன் ஆராய்ச்சி முழுக்க உன் பேராசிரியர் பல வருஷத்துக்கு முன் எழுதிய ஒரு கட்டுரையின் மேல் நிற்கிறதாம். அந்தக் கட்டுரையிலேயே ஒரு இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று நீ இரண்டு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாயாம். அவரிடம் சொல்லவில்லை. கடைசியில் எல்லோரும் கூடியிருந்த கூட்டத்தில் அவரே எழுந்து, உன்னுடைய முடிவு தவறு, கவனக்குறைவு, இரண்டு வருஷம் வீண் என்று சொன்னாராம். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாயாம். "ஏண்டா வாயத் தொறக்கல, தப்பு அவரோடதுன்னு சொல்ல வேண்டியதுதானேன்னு கேட்டேன் சார். அவரே பாத்துப்பாருன்னு ரெண்டு வருஷமா காத்துனு இருந்தேன்டான்னான். அதுக்கு மேல பேசமாட்டேன்னுட்டான்." இர்ஃபானுக்கு அது புரியவில்லை. ஆனால் எனக்கு அந்த பெஞ்சிலேயே நம் வீட்டு முன்னறை கண்முன் வந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும் என்று தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பகலெல்லாம் டேனரியில் தோல் அளக்கிற மிஷினில் எனக்கு வேலை. பதனிட்ட தோல் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வரும், எத்தனை சதுர அடி என்று அதன் முதுகில் குறிப்பேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நம் வீட்டு முன்னறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். கதவில் 'பி.எஸ்ஸி. கணிதம்' என்று போர்டு. நான் அந்தப் படிப்பை முடிக்கவில்லை, பிரபு. கடைசி வருஷத்தில் இரண்டு பேப்பர் நின்றுபோய், திரும்ப எழுதப் போகவே இல்லை. உன் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும், இன்றைக்கு யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்குள் இருந்தது. எந்தப் பிள்ளை கேள்வி கேட்டாலும் முதலில் கோபம்தான் வரும்.

அன்றைக்கு நீங்கள் ஏழு பேர். நீ உன் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாய். இரண்டின் வர்க்கமூலத்தை ஒன்றால், இரண்டால், மூன்றால் என்று வரிசையாகப் பெருக்கி, ஒவ்வொரு விடையிலும் புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிட்டு முழு எண்ணை மட்டும் எழுதியிருந்தாய். 1, 2, 4, 5, 7, 8, 9, 11 என்று போனது. நடுவில் விட்டுப்போன எண்களைப் பக்கத்தில் தனியாக எழுதியிருந்தாய். 3, 6, 10, 13, 17. அந்த விட்டுப்போன எண்களும் சும்மா வரவில்லை, வர்க்கமூலத்தோடு இரண்டைக் கூட்டி அதன் மடங்குகளை அதே மாதிரி எழுதினால் அவைதான் வருகின்றன என்று காட்டினாய். "அப்பா, ரெண்டு லிஸ்ட்டையும் சேத்தா எல்லா நம்பரும் வந்துடுது. ஒண்ணுகூட வுட்டுப்போகல, ஒண்ணுகூட ரெண்டு தடவ வரல. எவ்ளோ தூரம் போனாலும் அப்டித்தான்." உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? நான் அந்த மாதிரி ஒன்றை அதுவரை பார்த்ததில்லை. என் கணக்கில் அந்த மாதிரி ஒன்று ஒருநாளும் எனக்கு வந்ததில்லை. பதினைந்து வயசுப் பையன், நான் பெற்றவன், எனக்கு விளங்காத ஒன்றை ஆறு பிள்ளைகளுக்கு முன்னால் என்னிடம் நீட்டுகிறான். நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். பயந்தேன்.

"எவ்ளோ தூரம் போனாலும்னு உனக்கு எவன் சொன்னான்?" என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனேன். வர்க்கமூலத்துக்கு 1.41 என்று போட்டுக்கொண்டேன். பரீட்சையில் அப்படித்தானே போடச் சொல்வோம். வரிசையாகப் பெருக்கினேன். இருபத்திரண்டு வரைக்கும் நீ சொன்னபடியே வந்தது. பதினேழாவது மடங்கில் 23.97 வந்தது. இருபத்து மூன்று என்று எழுதினேன். உன்னுடைய இரண்டாவது வரிசையில் ஏழாவது இடத்திலும் இருபத்து மூன்று இருந்தது. ஆக, இருபத்து மூன்று இரண்டு முறை வந்துவிட்டது, இருபத்து நான்கு எங்கேயும் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். "இன்னா சைண்டிஸ்ட், இருபத்து நாலு எங்க போச்சு? டேனரிக்குப் போச்சா?" பிள்ளைகள் சிரித்தார்கள். நான் விடவில்லை. "வாங்கறது முப்பத்தஞ்சு மார்க்கு, இதுல புதுசா கண்டுபுடிக்கறாராம்" என்றேன். நீ முப்பத்தைந்து வாங்குகிறவன் இல்லை, அது எனக்கும் தெரியும். நீ கரும்பலகையைப் பார்த்தாய். வாயைத் திறந்தாய். சுற்றியிருந்த பிள்ளைகளை ஒருமுறை பார்த்தாய். வாயை மூடிக்கொண்டு உன் இடத்தில் போய் உட்கார்ந்தாய்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், மிஷின் பக்கத்தில் கிடந்த ஒரு துண்டுத் தோலில் நான் சும்மா போட்டுப் பார்த்தேன். சும்மா இல்லை, காலையிலிருந்தே ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. 1.41 என்றா போட்டோம், அது அதோடு முடிகிற எண் இல்லையே என்று 1.414 என்று போட்டுப் பதினேழால் பெருக்கினேன். 24.038. இருபத்து நான்கு அதன் இடத்தில் இருந்தது. முடிவே இல்லாமல் போகிற ஒரு எண்ணை நான் என் வசதிக்கு நறுக்கிவிட்டு, தவறை உன் தலையில் கட்டியிருந்தேன். துண்டுத் தோலைக் கழிவுக் குவியலில் போட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். சத்தியமாக. நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய், அந்த நோட்டு அதே பக்கத்தில் திறந்திருந்தது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன், கதவில் இருந்த போர்டைப் பார்த்தேன். "முக்கோணவியல் எடுங்க" என்றேன். அந்த வாரம் முழுக்க நோட்டு அதே பக்கத்தில் திறந்தே இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அடுத்த திங்கட்கிழமை அதை நீ கொண்டுவரவில்லை. அதற்குப் பிறகு கணக்கில் நீ என்னிடம் ஒன்றுமே காட்டியதில்லை. நீ கணக்கில் ஆராய்ச்சி செய்யப் போனபோது தெருவெல்லாம் சொல்லிப் பெருமை அடித்தேன். நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று உன்னிடம் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

இர்ஃபான் பேசிய அன்றே உன் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஷூ கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து, தையல் மிஷினில் குனிந்து குனிந்து விட்டுப்போன முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டுவிட்டு, "இத்தன வருஷம் அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துனு எப்டியா சோறு துன்ன?" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், பேசமாட்டாள். கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள் என்று இரண்டு மாதமாக வேலைக்குப் போவதில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உன்னைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்குச் சிரித்த மற்ற ஆறு பேரையாவது கண்டுபிடித்து உண்மையைச் சொல்வோம் என்று கிளம்பினேன். இதனால் நீ வந்துவிடுவாய் என்று எனக்குக் கணக்கு ஒன்றும் இல்லை. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். இர்ஃபானிடம் முதலில் சொன்னேன். தலையைத் திருப்பிக்கொண்டான். ராணிப்பேட்டையில் கெமிக்கல் கம்பெனியில் இருக்கிற தினேஷ் கம்பெனி வாசலுக்கே வந்து, "சார், எனக்கு ஞாபகமே இல்ல. இதுக்காகவா பஸ் புடிச்சி வந்தீங்க?" என்று டீ வாங்கிக் கொடுத்தான். நாட்றம்பள்ளியில் ஓட்டல் வைத்திருக்கிறவனும் அப்படித்தான், உடம்பு சரியில்லையா சார் என்று கேட்டான். ஆம்பூரிலேயே இருந்த இரண்டு பேர் பேச்சை மாற்றினார்கள். கடைசியாகக் குடியாத்தத்துக்குப் போனேன். கவிதாவை அங்கே லுங்கி நெய்கிற குடும்பத்தில் கொடுத்திருக்கிறார்கள். விசைத்தறி சத்தத்தில் நான் சொன்னது கேட்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். சொல்லி முடித்தேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும் சார். அன்னிக்கி வீட்டுக்குப் போம்போதே பிரபு சொன்னான். அப்பா ஒண்ணு புள்ளி நாலு ஒண்ணுன்னு போட்டுட்டாரு, அதான் இருபத்து நாலு வரலன்னு. அப்பவே சொல்றதுக்கு இன்னான்னு கேட்டேன். எல்லார் முன்னாடியும் சொன்னா அப்பாக்கு அசிங்கமாயிடும், வுடு, அவரே நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்லுவாரு, எங்கப்பா அப்டித்தான்னான்."

நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன், பிரபு. நீ என்னை நம்பினாய் என்று எனக்குத் தெரியாது. நான் உன்னை முட்டாளாக்கிவிட்டேன் என்றுதான் இத்தனை வருஷம் குற்ற உணர்ச்சியோடு இருந்தேன். நீ எனக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்றும், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் எனக்காகக் காத்திருந்தாய் என்றும் தெரியாது. நான் மறுநாளே பார்த்துவிட்டேன், நீ சொன்னபடியே. வந்து சொல்லவில்லை. "இன்னா சார், ஏதாவது சாப்புடறீங்களா?" என்று கவிதா கேட்டுக்கொண்டே இருந்தாள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் கணக்கை இப்போது நான் படித்துவிட்டேன். பதினொரு நாள் ஆனது. நூறு வருஷத்துக்கு முன்பே அதைப் பெரியவர்கள் நிரூபித்துவிட்டார்களாம். இரண்டின் வர்க்கமூலம் மட்டும் இல்லை, ஒன்றைவிடப் பெரிய எந்த விகிதமுறா எண்ணை எடுத்தாலும் அதற்கென்று ஒரு ஜோடி உண்டாம், அந்த ஜோடியின் மடங்குகளை அதே மாதிரி எழுதினால் எல்லா எண்களும் ஒரே ஒருமுறை வந்துவிடுமாம். எந்த எண்ணை எடுத்தாலும் அதற்குக் கீழே இரண்டு வரிசையிலும் எத்தனை எண்கள் வந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாலே நிரூபணம் வந்துவிடுகிறது. என் முன்னறையில், யாரும் சொல்லித் தராமல், அதை நீயே கண்டுபிடித்தாய். அன்றைக்கு நான் உன்னை என் பக்கத்தில் உட்கார வைத்து, எனக்கு இது தெரியலடா, வா ரெண்டு பேரும் பாப்போம் என்று சொல்லியிருக்கலாம். கதவில் இருந்த போர்டைக் கழற்றிவிட்டேன். டியூஷனை நிறுத்திவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பெரியவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று காத்திருக்காதே. நாங்கள் பார்த்துவிடுவோம். பார்த்த பிறகும் சொல்லமாட்டோம். உன் பேராசிரியரும் பார்த்திருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. அவரிடம் போய்ப் பேசலாமா என்று இர்ஃபானைக் கேட்டேன், அப்புறம் நானே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது நீ பேச வேண்டியது. பேசினால் அவருக்கு அவமானம் ஆகிவிடுமே என்று நினைக்காதே. என்னை அன்றைக்கு நீ அவமானப்படுத்தியிருந்தால் ஒரு சாயங்காலம் எரிச்சலாக இருந்திருப்பேன், இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன், பிறகு சரியாகியிருக்கும். நீ இங்கே இருந்திருப்பாய்.

வீட்டுக்கு வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. உன் அம்மா கூப்பிடுகிறாள், அவளுக்காக வா. அதுவும் முடியாது என்றால் எங்கே இருக்கிறாயோ அங்கேயே இரு, சாப்பிடு, உயிரோடு இரு. ஆனால் ஒன்று மட்டும் செய். என் நம்பர் அதேதான், மாற்றவில்லை. மூன்றே வார்த்தை அனுப்பு. 'நீங்க பண்ணது தப்புப்பா' என்று அனுப்பு. நீ என்னைக் காப்பாற்றியதெல்லாம் போதும். அதைப் படித்துவிட்டு நான் பதில் பேசமாட்டேன், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டேன், போனை அப்படியே உன் அம்மா கையில் கொடுத்துவிடுவேன்.

அப்பா